ஜீனோ போன வழி

அத்திப்பள்ளியோடு கர்நாடகம் முடிகிறது. ஜூஜூவாடியில் தமிழ்நாடு தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் எந்நேரமும் லாரிகள். ரோஜாக்கட்டு, தக்காளிப் பெட்டி, கிரானைட் பாளம், இரு சக்கர வண்டி, கைக்கடிகாரம் என்று இந்த எல்லையைத் தாண்டாத சரக்கு குறைவு. தாண்டி வந்தவற்றில் வரி கட்டாத சரக்கு ஒன்று உண்டு. அது ஓர் இயந்திர நாய். பெயர் ஜீனோ. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வருகிற அதே ஜீனோதான்.

கதையில் வரும் நாய்க்கு வாழ்க்கை வரலாறு எதற்கு என்று கேட்கலாம். தமிழில் அறிவியல் புனைகதை எங்கே எழுதப்பட்டது, யார் கையில் போய்ச் சேர்ந்தது, எந்த வகுப்பறை அதை உள்ளே விட்டது, எது வாசலிலேயே நிறுத்தியது என்று தெரிந்துகொள்ள ஜீனோவின் காலடியைப் பிடித்துக்கொண்டு போவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அந்தத் தடம் பெங்களூர், சென்னை, ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் என்று பெரும்பாலும் இந்த எல்லையைத் தாண்டும் நெடுஞ்சாலையை ஒட்டியே போகிறது.

பிறந்த வீட்டைப் பற்றி முதலில். பெங்களூரின் வடக்கே ஜாலஹள்ளியில் 1954-ல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ், ராணுவத்துக்கு ரேடாரும் ரேடியோவும் செய்துகொடுக்கிற மத்திய அரசு நிறுவனம். அங்கே பொறியாளராக இருந்தவர் எஸ்.ரங்கராஜன். 1935-ல் திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸும் படித்து, டெல்லியில் விமானப் போக்குவரத்துத் துறையில் இருந்துவிட்டு பெங்களூருக்கு வந்தவர். மனைவி சுஜாதாவின் பெயரில் எழுதினார். பகலில் சர்க்யூட், இரவில் தொடர்கதை. தமிழ்நாட்டின் பத்திரிகைகளுக்கெல்லாம் எழுதிக் குவித்த ஒருவர், அந்தக் கதைகளில் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே இருந்துகொண்டு எழுதினார் என்பதை நாம் அவ்வளவாக நினைத்துப் பார்ப்பதில்லை. ஓசூரிலிருந்து அவர் வேலை பார்த்த ஊர் 40 கிலோமீட்டர். சென்னை 300 கிலோமீட்டருக்கும் மேல்.

அந்தத் தொழிற்சாலை மேசையில் அதே காலத்தில் இன்னொரு இயந்திரமும் உருவாகிக்கொண்டிருந்தது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். அதன் வடிவமைப்பையும் உற்பத்தியையும் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மேற்பார்வையிட்டவர் ரங்கராஜன். அந்தப் பெட்டியின் கதை ஜீனோவின் கதைக்குச் சற்றும் குறைந்ததில்லை. 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக மின்னணு இயந்திரத்தை வைத்துத் தேர்தல் நடத்தினார்கள். வழக்குப் போட்டார்கள். சட்டத்தில் இடமில்லாமல் இயந்திரத்தில் வாக்குப் பதிவு செய்தது செல்லாது என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சாவடிகளில் மறுபடி காகிதச் சீட்டில் வாக்கெடுப்பு நடந்தது. 1988 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகும் பெட்டிகள் காத்திருந்தன. 1998-ல் சில மாநிலங்களில் சில தொகுதிகளுக்கு மட்டும் போய்வந்து, 2004-ல்தான் நாடு முழுக்க அந்தப் பொத்தானை அழுத்தியது.

ஆக, எண்பதுகளில் ரங்கராஜனின் ஒரு கைக்கு மக்கள் வாக்கை எண்ணுகிற இயந்திரம் வேலை. இன்னொரு கை, வாக்கே தேவைப்படாத ஒரு நாட்டை எழுதியது. இதைத் தற்செயல் என்று நான் ஒதுக்க மாட்டேன். இயந்திரத்தை நம்பலாமா, நம்பினால் அதன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்ற கேள்வி அலுவலகத்தில் தினமும் எதிரே வந்து நின்றவருக்கு, அந்தக் கேள்வியைக் கதையில் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கத் தோன்றியிருக்கும்.

‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. கதை நடப்பது 2021, 2022-ல். இந்தியாவை ஜீவா என்ற தலைவர் ஆள்கிறார். எல்லோருக்கும் அரசு கொடுத்த எண். பெயர் எல்லாம் இரண்டே எழுத்து. நிலா, சிபி, ரவி, மனோ. பிள்ளை பெற்றுக்கொள்ளவும் அரசு அனுமதி வேண்டும். நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டில் ஓர் அறையில் அரசு உத்தரவோடு வந்து குடியேறுகிறான் ரவி. அவன் கையோடு கொண்டுவந்த நாய் ஜீனோ. வளர்ப்புப் பிராணிக்குப் பதிலாகச் செய்த பொம்மை அது. ஆனால் படிக்கிறது, யோசிக்கிறது, நக்கலடிக்கிறது, நேரம் வந்தால் நிலாவுக்காக அரசாங்கத்தையே ஏமாற்றுகிறது. கடைசியில் ஜீவா என்பவர் ஆளே இல்லை, ஒளியால் ஆன பிம்பம் என்று தெரியவருகிறது. இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவும். முப்பது ஆண்டுகளுக்கு மேலான ரகசியத்தை இனியும் காக்க முடியாது.

இது சுஜாதாவின் முதல் முயற்சி இல்லை. எழுபதுகளிலேயே ‘சொர்க்கத் தீவு’ வந்துவிட்டது. ஒரு கம்ப்யூட்டர் நிபுணரைத் தூக்கிக்கொண்டு போய்க் கணிப்பொறி ஆளும் தீவில் விட்டார். 1972-ல் முத்து காமிக்ஸ் முதல் இதழிலேயே இரும்புக்கை மாயாவியை இறக்கிவிட்டதால் இயந்திரக் கையும் மாயமும் சிறுவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம். அதற்கும் முன்னால், 1940-களில் பெரியார் ‘இனி வரும் உலகம்’ என்று எழுதி, ஆளுக்கொரு கம்பியில்லாத் தொலைபேசியையும் சோதனைக் குழாய்க் குழந்தையையும் பற்றிப் பேசியிருந்தார். ஆனால் வாரந்தோறும் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போகிற பத்திரிகையில், சமையலறை வரைக்கும் நுழைந்த இயந்திரம் ஜீனோதான். அது நாயாக இருந்தது ஒரு காரணம். மனித உருவில் ஒரு ரோபோவை வைத்திருந்தால் நம் வீட்டுப் பெண்கள் அத்தனை பிரியமாக அதை உள்ளே விட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

இனி ஓசூர். ஜீனோ அச்சாகிச் சென்னையிலிருந்து திரும்பி வந்து இறங்கிய ஊர்.

அப்போது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா. கிருஷ்ணகிரி மாவட்டம் பிறக்க 2004 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டும். சேலம் மாவட்டமாக இருந்த காலத்தில் இந்த ஊருக்குப் பெருமை என்றால் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தது, குளிர்ந்த காற்று, குதிரைப் பண்ணை. எழுபதுகளில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ். மொபெட்; எண்பதுகளின் நடுவில் டைட்டன் கடிகாரம். ஈரோடு, திருநெல்வேலி, தஞ்சாவூர், வேலூர் என்று எங்கெங்கிருந்தோ ஐ.டி.ஐ., டிப்ளமா முடித்த பையன்கள் வந்து இறங்கினார்கள். வீட்டுக்காரர் தெலுங்கு பேசுவார், மளிகைக்காரர் கன்னடம், டீக்கடையில் உருது, ஷிப்ட் சூப்பர்வைசர் ஆங்கிலம். அறைக்கு நான்கு பேர். தமிழ் கிடைத்த இடம் வாரப் பத்திரிகை.

இந்த வாசகனைப் பற்றி யாரும் ஆய்வேடு எழுதி நான் பார்த்ததில்லை என்பதுதான் என் குறை. இலக்கிய வரலாறுகள் சுஜாதாவின் வாசகரைச் சென்னை, ஸ்ரீரங்கம், பெங்களூர் நடுத்தர வர்க்கம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. சிப்காட்டில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வந்து ஜீனோவைப் படித்தவன் வேறு மாதிரி படித்திருப்பான். அவனுக்கு எண் என்பது கற்பனை இல்லை. டோக்கன் நம்பர் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. பெயரை இரண்டெழுத்தில் சுருக்குவதும் புதிதில்லை. லைனில் யாரும் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்கேயோ இருந்து உத்தரவு போட்டுக்கொண்டு, நேரில் ஒருபோதும் தென்படாத தலைமையும் அவனுக்குத் தெரியும். சென்னை வாசகர் எதிர்காலம் என்று படித்ததை இவன் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கை போலப் படித்திருக்க முடியும்.

பத்திரிகையின் ஆயுள் ஒரு வாரம். ஆனால் தொடர்கதைக்கு அன்று இன்னோர் ஆயுள் இருந்தது. வாராவாரம் பக்கங்களைக் கவனமாகக் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, நூல் கோத்துத் தைத்து, பைண்டிங் கடையில் கொடுத்து காலிகோ துணி ஒட்டி வாங்குவார்கள். அப்படித் தைத்த தொகுதியில் கதை மட்டும் இருக்காது. பக்கத்தின் பின்புறம் ஒரு ஜோக்கின் பாதி, மின்விசிறி விளம்பரம், வேறொருவர் கதையின் வால் எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். வாடகை நூல் நிலையங்களில் வாரத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து இவற்றை எடுத்துப் போனார்கள். புத்தகமாக வந்த பிறகும் இந்தத் தையல் பிரதிகள் ஊர் ஊராகக் கைமாறின. ஒரு நாவல் மக்களிடம் எப்படிப் புழங்கியது என்று ஆராய நினைப்பவருக்குச் சுத்தமான அச்சுப் பதிப்பைவிட இந்தக் கிழிசல் கட்டு அதிகம் சொல்லும்.

அடுத்த கட்டங்களை வேகமாகக் கடந்துவிடலாம். ‘மீண்டும் ஜீனோ’ என்று இரண்டாம் பாகம், அதுவும் விகடனில். தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடர். ஜீனோ திரையில் வந்தது, படிக்கும்போது இருந்த கெத்து கொஞ்சம் குறைந்தது. ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று கேள்வி பதில் எழுதிக்கொண்டே இன்னொரு பக்கம் கதை எழுதியதால், தமிழில் அறிவியல் புனைகதையின் முதல் வாத்தியார் அதன் ஆசிரியரே என்றாகிவிட்டது. 1987-ல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தொடங்கிய ‘துளிர்’ சிறுவர்களிடம் அதே வேலையை வேறு விதமாகச் செய்தது. 2008 பிப்ரவரியில் சுஜாதா காலமானார். அவர் வசனம் எழுதிவைத்த ‘எந்திரன்’ படம் 2010-ல் வந்தபோது அதில் வரும் ரோபோ சிட்டியைப் பார்த்துக் கைதட்டிய பலருக்கு, அதன் தூரத்து அண்ணன் நான்கு கால்களோடு விகடனில் திரிந்தது தெரியாது.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். பயணம் மெதுவாகிற இடம் இதுதான்.

அமெரிக்காவில் அறிவியல் புனைகதையைக் கல்லூரிக்குள் கொண்டுவரவே பெரிய போராட்டம். மலிவுப் பத்திரிகைக் கதை என்ற முத்திரை அங்கேயும் உண்டு. 1959-ல் ஓஹையோவின் வூஸ்டர் கல்லூரியில் தாமஸ் கிளேர்சன் ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ என்ற ஆய்விதழைத் தொடங்கினார். 1970-ல் ஆய்வாளர்கள் சங்கம், 1973-ல் ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன் ஸ்டடீஸ்’ இதழ். 1979-ல் டார்கோ சுவின் எழுதிய நூல் இந்தத் துறைக்கு ஒரு கோட்பாட்டைக் கொடுத்தது. நாம் வாழும் உலகத்தைச் சற்றே விலக்கி வைத்து, அறிவுக்குப் பொருந்தும் ஒரே ஒரு புதுமையை அதற்குள் நுழைத்து, அதனால் மற்றதெல்லாம் எப்படி மாறும் என்று காட்டும் இலக்கியம் என்று அவர் வாதத்தைச் சுருக்கிச் சொல்லலாம். மாயமந்திரக் கதைகளுக்கு அவர் இந்த வாசலில் இடம் தரவில்லை. அதற்காக அவரோடு இன்றுவரை சண்டை நடக்கிறது. நியாயமான சண்டைதான். ஐரோப்பாவில் பேய்க்கதையும் விஞ்ஞானமும் பிரிந்த மாதிரி நம்மிடம் பிரியவில்லை.

இந்தியாவில் இந்தப் படிப்புக்கென்று ஒரு சங்கம் தொடங்கிய ஊர் கொல்கத்தாவோ டெல்லியோ இல்லை. வேலூர். 1998-ல் முனைவர் கே.எஸ்.புருஷோத்தமன் அங்கே இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினார். வாக்குப்பதிவு இயந்திரம் பெட்டியிலிருந்து மறுபடி வெளியே வந்த அதே ஆண்டு. கழகம் பல ஊர்களில் மாநாடுகள் நடத்தியது. பேராசிரியர்களையும் எழுத்தாளர்களையும் விஞ்ஞானிகளையும் ஒரே மேடையில் உட்கார வைத்தது. பின்னர் அதன் இருப்பிடம் பெங்களூருக்கு மாறியது, செயலாளராக எம்.எச்.ஸ்ரீநரஹரி நீண்ட காலம் அதை நடத்தினார்.

வரைபடத்தைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. சேலத்திலிருந்து வரும் சாலையும் வேலூரிலிருந்து வரும் சாலையும் கிருஷ்ணகிரியில் சந்தித்து ஓசூர் வழியாகப் பெங்களூர் போகின்றன. ஜீனோ பெங்களூரில் பிறந்து தமிழ்நாட்டுக்குள் வந்தது. அதைப் படிக்க வேண்டிய துறை வேலூரில் பிறந்து பெங்களூருக்குப் போனது. இரண்டும் இந்தச் சாலையில் எதிரெதிரே கடந்துபோயின. கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் இரண்டு நிமிடம் நின்று பேசிக்கொண்டிருக்கலாம்.

பேசிக்கொள்ளாததற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. நம் கல்லூரிகளில் இந்தப் பாடம் நுழைந்தது ஆங்கிலத் துறையின் கதவு வழியாக. ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, வெல்ஸின் ‘டைம் மெஷின்’, அசிமோவின் ‘ஐ, ரோபோ’ என்று ஆங்கில நூல்களைச் சுற்றியே அது வளர்ந்தது. ஜீனோ தமிழ் பேசும் நாய். அந்த வகுப்பில் அதற்கு உட்கார நாற்காலி கிடையாது. தமிழ்த் துறைக்குப் போனால் அங்கே வேறு தயக்கம். சங்கம், பக்தி, நாட்டார் வழக்காறு, தலித்தியம், பெண்ணியம் என்று அவர்கள் கையில் இருக்கும் அலமாரிகள் பெரியவை, அவசியமானவை. வாரப் பத்திரிகைத் தொடர்கதை, அதிலும் ரோபோ நாய் என்றால் எந்தத் தட்டில் வைப்பது? சுஜாதாவைப் பற்றி ஆய்வேடுகள் எழுதப்பட்டிருக்கின்றன, மறுக்கவில்லை. அவற்றில் நடை, உத்தி, பாத்திரப் படைப்பு என்ற வழக்கமான தலைப்புகளில் ஜீனோ ஓர் உபதலைப்பாக வந்துபோகும். ஆங்கிலத் துறைக்குக் கோட்பாடு தெரியும், நூல் தெரியாது. தமிழ்த் துறைக்கு நூல் தெரியும், கோட்பாட்டில் அக்கறையில்லை. இரண்டு துறைகளுக்கும் பெரும்பாலும் ஒரே வராந்தாதான்; பத்தடி நடந்தால் போதும்.

இதன் விளைவு உலக அரங்கில் தெரிகிறது. சுபர்ணோ பானர்ஜி 2020-ல் வேல்ஸ் பல்கலைக்கழக அச்சகம் வழியாக இந்திய அறிவியல் புனைகதையின் வரலாற்றை எழுதினார். கவனமான, உழைப்பு மிகுந்த நூல். அது ஆதாரமாகக் கொள்வது முக்கியமாக வங்காளம், இந்தி, மராத்தி, ஆங்கிலப் படைப்புகளை. போதிசத்வ சட்டோபாத்யாய் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய நிதியோடு பெரிய ஆய்வுத் திட்டம் நடத்தினார். வங்காளத்தின் அறிவியல் புனைகதையான கல்பவிஞ்ஞானம் உலக மேடைக்குப் போனதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. வங்காளத்தை வெளியே கொண்டுபோக ஆள் இருக்கிறது. மராத்திக்கு ஜயந்த் நார்லீகர் போன்ற விஞ்ஞானியே எழுத்தாளராக இருந்தார். 1993-ல் பால் போண்ட்கே தொகுத்து நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட இந்திய அறிவியல் புனைகதைத் தொகுப்பிலும் மராத்திக்குத்தான் பெரும்பங்கு. தமிழுக்கு யார்? பானர்ஜியைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் எழுதியிருக்க வேண்டிய அத்தியாயத்துக்குத் தமிழ் தெரியாதவரைக் கேள்வி கேட்க முடியாது.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. உலகம் முழுக்க அறிவியல் புனைகதைப் பாடத்தில் இன்று அடிக்கடி இடம்பெறும் இந்தியக் கதை ரொக்கேயா சக்காவத் ஹுசைனின் ‘சுல்தானாவின் கனவு’. அவர் வங்கத்துப் பெண்மணி, ஆங்கிலத்தில் எழுதினார். அச்சிட்டது எது? 1905-ல் சென்னையில் கமலா சத்தியநாதன் நடத்திய ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’. பெண்கள் சூரிய சக்தியைப் பிடித்து நாட்டை ஆள, ஆண்கள் அந்தப்புரத்தில் பூட்டிக் கிடக்கும் அந்தக் கதை மதராஸில் பிறந்த அச்சுப் பிரதி என்பதைச் சென்னைக் கல்லூரிகளே அதிகம் சொல்லிக்கொள்வதில்லை.

மாயப் புனைவின் பக்கமும் ஓசூர் அன்று இருந்த தருமபுரி மாவட்டத்துக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. தொண்ணூறுகளில் தருமபுரியில் தொலைபேசித் துறை ஊழியராக இருந்தவர் ஜெயமோகன். 1997-ல் வந்த ‘விஷ்ணுபுரம்’ எங்கும் இல்லாத ஒரு நகரத்தை அஸ்திவாரத்திலிருந்து கட்டி எழுப்பியது. பின்னால் அவர் எழுதிய ‘விசும்பு’ கதைகள், அறிவியல் புனைகதைக்கு மேற்கத்திய ஆய்வகம்தான் வேண்டும் என்றில்லை, சித்த மருத்துவத்திலும் ரசவாதத்திலும் பழைய தத்துவத்திலும்கூடக் கதவு திறக்கும் என்று வாதிட்டன. ‘அரூ’ இதழ் 2019-ல் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தியபோது நடுவராக இருந்தவரும் அவர்தான். எனக்கு அந்த வாதத்தில் முழு உடன்பாடு இல்லை. தத்துவத்தை அறிவியல் என்று எழுதிவிடும் ஆபத்து அந்தப் பாதையில் எப்போதும் உண்டு. ஆனால் சுஜாதாவையும் ஜெயமோகனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால், சுவின் பூட்டிய வாசலைப் பற்றி மாணவர்களே நன்றாகச் சண்டை போடுவார்கள்.

ஜீனோவின் கதையில் குறித்திருந்த ஆண்டு வந்தது, போனது. 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் எப்படி இருந்தது? போச்சம்பள்ளி சிப்காட்டில் ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை எழுந்தது. ஓசூருக்குத் தெற்கே டாடா எலெக்ட்ரானிக்ஸ் கைப்பேசிப் பாகங்களுக்காகப் பெரிய வளாகம் கட்டியது. உள்ளே ரோபோக்கள் வந்துவிட்டன. அவை ஜீனோவைப் போல இல்லை. தரையில் போல்ட் போட்டு இறுக்கிய ஒற்றைக் கை. சுற்றிலும் மஞ்சள் வேலி. வேலிக் கதவைத் திறந்தால் கை அப்படியே நின்றுவிடும். வெல்டிங், பெயின்ட், தூக்கிவைத்தல். பேசாது, படிக்காது, நக்கலடிக்காது. சுஜாதா இயந்திரம் வீட்டுக்குள் நண்பனாக வரும் என்று பார்த்தார். இங்கே அது ஆலைக்குள் வந்து ஆளின் இடத்தில் நின்றது. பேசுகிற இயந்திரம் உடம்பில்லாமல் கைப்பேசிக்குள் தனியாக வந்து சேர்ந்தது. ஜீனோவின் உடம்பும் மூளையும் இரண்டு தனித்தனி லாரிகளில் வந்து இறங்கியிருக்கின்றன.

எண் விஷயத்தில் சுஜாதாவின் கணக்கு தப்பவில்லை. 2010-ல் முதல் ஆதார் எண் கொடுக்கப்பட்டது. இன்று சிம் கார்டிலிருந்து ரேஷன் வரை பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறார்கள். ஜீவாவும் ஒரு விதத்தில் வந்துவிட்டார். 2014 நாடாளுமன்றத் தேர்தலில் நரேந்திர மோடி ஒளி உருவமாக ஒரே நேரத்தில் பல மேடைகளில் பேசினார். 2024-ல் மறைந்த தலைவர்கள் கருணாநிதியும் ஜெயலலிதாவும் செயற்கை நுண்ணறிவின் தயவில் மறுபடி பேசினார்கள். எந்தக் கட்சி என்பது இங்கே பேச்சில்லை. பிம்பத்தை மேடையேற்றுவதில் நம் ஊரில் எல்லோருக்கும் கூட்டணி.

போச்சம்பள்ளித் தொழிற்சாலை முழுக்கப் பெண்களாலேயே நடத்தப்படும் என்று 2021 செப்டம்பரில் ஓலா அறிவித்தது. ரொக்கேயாவின் பெண்ணரசு மதராஸில் அச்சாகி 116 ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தில் ஸ்கூட்டர் செய்ய வந்துவிட்டதா? கதையில் பெண்கள் கையில் ஆட்சியும் இருந்தது, ஆய்வுக்கூடமும் இருந்தது. இங்கே அவர்கள் கையில் வந்தது அசெம்பிளி லைன். அறிவித்த தலைவர் ஆண். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் ஒரு முழுப் பருவத்துக்கான பாடம்.

அந்தப் பாடத்தை இங்கேயே நடத்தலாம் என்பது என் கட்சி. கிருஷ்ணகிரி மாவட்டக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. ‘இனி வரும் உலகம்’ எழுதியவர் பெயரில் 1997-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் எதிர்கால இலக்கியத்துக்கு ஒரு தாள் ஒதுக்கினால் யாரும் ஆட்சேபிக்க முடியாது. ஆங்கில மாணவர்களும் தமிழ் மாணவர்களும் ஒரே வகுப்பில் உட்கார வேண்டும். ‘சுல்தானாவின் கனவு’, ‘இனி வரும் உலகம்’, ‘என் இனிய இயந்திரா’, ‘விசும்பு’விலிருந்து இரண்டு கதைகள். பக்கத்தில் அசிமோவும் சுவினும். வாரத்தில் ஒரு வகுப்பை ரோபோவுக்கு நிரல் எழுதும் டெக்னீஷியன் ஒருவர் வந்து எடுக்கலாம். அசிமோவின் மூன்று விதிகளில் எது வேலிக் கதவில் வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று அவருக்குத்தான் தெரியும்.

வேறெங்கும் கேட்காத கேள்விகள் இந்த வகுப்பில் வரும். டெல்லி மாணவி ஜீவாவின் சர்வாதிகாரத்தையும் ஆர்வெலையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவாள். நன்றாக எழுதுவாள். சூளகிரியிலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளை வேறு மாதிரி ஆரம்பிக்கும். ஜீனோவுக்கு சார்ஜ் யார் போட்டார்கள்? பழுதானால் சரிபார்க்கக் காண்ட்ராக்ட் ஆளா, கம்பெனி ஆளா? ரவி வாடகைக்கு வந்த வீட்டில் நாய்க்கும் சேர்த்து நிலாவுக்கு அரசு அலவன்ஸ் கொடுத்ததா? இத்தனை இயந்திரம் செய்த நாட்டில் அதைச் செய்த தொழிலாளி ஒருவர்கூட ஏன் கதைக்குள் வரவில்லை? கடைசிக் கேள்விக்குச் சுஜாதாவிடம் பதில் கிடையாது. ஓசூர் எழுத்தாளர் ஒருவரிடம் இருக்கலாம்.